வலிச்சா சொல்லுங்க

உணவகத்தில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். தட்டுகளைக் கைமேல் அடுக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே அவர் புகுந்து வருவதைப் பார்க்கிற யாருக்கும், யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் அவர் கெண்டைக்கால் வலிப்பது தெரியாது. காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை ஒன்று அந்த வலிக்கு உதவுமா என்று மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவியோடு போனார். அவர் பிழைப்பே நடைதான். சிலருக்கு மருந்து, சிலருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதேபோல் ஒரு மாவு மாத்திரை; தருவது எது என்பது தருகிற டாக்டருக்கே தெரியாதாம். அதைக் கேட்டே அசந்துபோனார்.

சேருவதற்கு முன் ஒரு பரீட்சை. ட்ரெட்மில்லில் நடக்க வேண்டும். வலி தொடங்கியதும் சொல்ல வேண்டும். அவர் சிரித்த முகமாக நடந்துகொண்டே இருந்தார், இயந்திரம் நிற்கும்வரை.

"வலியே இல்லாதவங்களைச் சேர்க்க முடியாதுங்கய்யா," என்றார் டாக்டரம்மா.

"டாக்டர், இவர் மூஞ்சிய நம்பாதீங்க," என்றாள் மனைவி. "பல்லைப் பிடுங்கினாக்கூட, வேற என்ன வேணும்னு கேப்பாரு."

டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்து, கணுக்காலில் பசை தடவி, பேனா போன்ற கருவியை வைத்தார். நடப்பதற்கு முன் அதில் ரத்தம் ஓடுகிற சத்தம் உஷ், உஷ் என்று கேட்டிருந்தது. இப்போது மூச்சே இல்லை.

"மிஷின் ரிப்பேரா?"

"இல்லைங்கய்யா. வர்ற கொஞ்ச ரத்தத்தையும் நடந்த தசை எடுத்துக்கிச்சு. பாதத்துக்கு மிச்சமில்ல."

அவர் தன் பாதத்தையே பார்த்தார். முகத்தில் அவர் மறைத்ததை அது டாக்டரம்மா முன்னாலும் மனைவி முன்னாலும் சொல்லிவிட்டது. டாக்டரம்மா கருவியை எடுக்காமல் அங்கேயே பிடித்திருந்தார். வெகுநேரம் கழித்து அதில், எங்கோ தொலைவில் யாரோ பெருக்குவதுபோல் ஒரு சத்தம். நின்றது. மறுபடி வந்தது. அடைப்பைச் சுற்றிக்கொண்டு, சந்துபொந்தெல்லாம் நுழைந்து, ரத்தம் அவருடைய விரல்களைத் தேடி வந்துகொண்டிருந்தது. யாரும் ஏவாமல், இத்தனை நாளும் இப்படித்தான் வந்திருக்கிறது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"இன்னொரு தடவை நடக்கிறேன் டாக்டர்."

ஓய்வெடுத்துவிட்டு ஏறினார். கொஞ்ச தூரத்திலேயே கெண்டைக்கால் பிடித்தது. உதடு பழக்கத்தில் சிரிக்கப் போயிற்று, அடக்கினார்.

"இப்ப. இப்ப வலிக்குது."

டாக்டரம்மா குறித்துக்கொண்டு, "சேர்த்தாச்சுங்கய்யா," என்றார்.

மனைவி அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வலிக்கும்போது அது எப்படி இருக்கும் என்று அவளும் அன்றுதான் பார்த்தாள்.