தக்காளி ஒட்டிய இடம்

வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கும் எலி மூளைச் சீவலைத் தூரிகை நுனியால் தொட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏற்றும்வரை பிரிஸ்கில்லா மூச்சு விடுவதில்லை. மின்விசிறியையும் நிறுத்திவிடுவார். வெங்காயச் சருகைவிட மெல்லிசு, சுருங்கினால் குப்பைக்குத்தான்.

முதலியார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வரும் இந்த ஆய்வுக்கூட டெக்னீஷியனுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஃபிரிட்ஜில் அவர் வைத்திருக்கும் சிறு குப்பிகளில் தக்காளி, கோதுமை, வேர்க்கடலை என்று எழுதியிருக்கும். யாருடைய சாப்பாடோ என்று புதிய மாணவர்கள் நினைப்பார்கள். உண்மையில் குப்பிகளில் இருப்பவை அந்தப் பொருட்களிலிருந்து பிரித்தெடுத்த புரதங்கள். ஒவ்வொன்றும் தனக்கான சர்க்கரையைத் தேடிப்போய்ப் பற்றும். மூளை ரத்தக்குழாயின் சுவரிலுள்ள சர்க்கரையில் தக்காளிப் புரதம் ஒட்டினால், சாயமேற்றியதும் குழாய்கள் பழுப்புக் கொடிகளாகத் தெரியும்.

ஒரு தகட்டுக்கு மட்டும் புரதத்தை முதலில் சர்க்கரைக் கரைசலில் ஊறவிடுவார். "மொதல்லயே வயித்த ரொப்பிட்டா அது எங்கயும் ஒட்டாது. அந்தத் தகடு வெறிச்சுன்னு இருக்கணும். இருந்தாத்தான் மத்தத நம்பலாம்."

சென்ற ஜூலையில் அது வெறிச்சென்று இல்லை. இந்த ஆய்வை நடத்தும் டாக்டர் வெற்றிச்செல்வன் மாநாட்டுக்காகக் கேட்ட தகடுகள் அத்தனையும் அழகாக வந்திருந்தன. சர்க்கரைத் தகட்டிலும் அதே கொடிகள். படங்களை அனுப்ப இரண்டே நாள். அந்த ஒன்றை விட்டுவிடலாமே, யார் கேட்கப்போகிறார்கள் என்றார் டாக்டர்.

"இது தக்காளி ஒட்டுன எடம் இல்ல சார். நான் செஞ்சதுலதான் எங்கயோ தப்பு. தேடிப் பாக்கறேன்."

டாக்டர் போய்விட்டார். ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. பிரிஸ்கில்லா ஒவ்வொரு படியாகத் திரும்பச் செய்து பார்த்தார். குழாய்களுக்குள் தங்கிவிட்ட ரத்த அணுக்கள் தாமாகவே சாயத்தைப் பழுப்பாக்கிவிடும். அதை அடக்கத்தான் முதலில் பெராக்சைடு ஊற்றுவது. அந்தப் புட்டி திறந்து பல மாதமாகி வீரியம் போயிருந்தது. திறந்த தேதியை எழுதாமல் விட்டவர் அவரேதான். துறைத்தலைவர் முன் தன் வாயாலேயே அதைச் சொன்னார். டாக்டருக்கு மாநாடு போயிற்று.

புதுப் புட்டி வந்து எல்லாவற்றையும் மறுபடி செய்துமுடிக்க செப்டம்பர் ஆயிற்று. டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார். கொடிகள் படர்ந்த தகடுகள் தட்டில் வரிசையாக இருந்தன. பிரிஸ்கில்லா அவற்றைத் தொடவில்லை. ஒன்றுமே தெரியாத சர்க்கரைத் தகட்டை எடுத்து நுண்ணோக்கியில் பொருத்தி, நாற்காலியை டாக்டருக்கு விட்டு நகர்ந்து நின்றார்.