சிம்பாங் ரெங்கத்தில் ஒரு டீ

மலேசியாவில், சிம்பாங் ரெங்கம் சாலையோரக் கடையில் பஸ் நிற்கிறது. சென்னைப் பழக்கத்தில் “ஒரு டீ” என்கிறேன். டீ ஆற்றுபவர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். முகத்தில் இரண்டு நாள் தாடி, காதில் ஜிமிக்கி, இடுப்பில் கட்டம் போட்ட கைலி, நகங்களில் பச்சைச் சாயம்.

“டீன்னா எந்த டீ? தே ஓன்னா பால் இல்ல. கோசோங்னா சீனி இல்ல. இஞ்சி போடணுமா? ஐஸா, சூடா?”

நான் சுவரில் விலைப்பட்டியலைத் தேடுகிறேன். அதற்குள் லாரிக்காரர் ஒருவர் “அக்கா, ரொட்டி ஒண்ணு” என்கிறார். பக்கத்து மேசைப் பெண் “அண்ணே, தண்ணி” என்கிறாள். இருவருக்கும் “வரேன் லா” என்றுதான் பதில். எனக்கு ஆவல் தாங்கவில்லை.

“தப்பா நினைக்காதீங்க. நீங்க அண்ணனா, அக்காவா?”

“ஒரு டீக்கே இத்தன வகை இருக்கு. எனக்கு ரெண்டுதானா?”

“அப்ப நடுவிலயா?”

“நடுவில நிக்க நான் என்ன ஹைவே டிவைடரா? சில நாள் பொண்ணு, சில நாள் ஆம்பள. இன்னிக்கு ரெண்டும் இல்ல. அவங்க எப்படிக் கூப்பிட்டாலும் வருவேன்.”

“சரி, உங்க பேரு?”

“மணி. அப்பா வச்சது. அப்பவே அவருக்கு ஒரு சந்தேகம் போல.”

பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். “மணி, பால் விட்டு, சீனி கொறச்சு, இஞ்சி தட்டிப் போட்டு, சூடா ஒரு டீ.”

“இப்பதான் ஒழுங்கா கேக்கறீங்க,” என்கிறார் மணி, சிரிக்காமல். “இஞ்சி காலையிலயே முடிஞ்சிருச்சு லா.”