சீனாவுக்குப் போன பஞ்சுச் சட்டைகள்

சீனாவுக்கு நான் தைத்துக் கொடுத்தது என் சொந்த விருப்பத்தால்தான். இவ்வளவு காலம் கழித்து இதை எழுதி வைக்க வேண்டியிருப்பதற்குக் காரணம், ஒரு நாள் நானே அப்படி இல்லை என்று சொன்னதுதான்.

கல்யாணமாகி, மலாக்காவில் காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். என் கணவர் லாரி ஓட்டினார். நான் கைமெஷின் வைத்துச் சட்டை, பாவாடை தைத்தேன். அடுத்த வீட்டில் சீனப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவரும் அவருடைய தங்கையும் இருந்தார்கள். ஆசிரியைக்கு முப்பது வயதிருக்கும். தெருவில் எல்லாருக்கும் அவர் ‘சீகு’. மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்குள் பேச்சும் மலாய்தான்.

ஜப்பான்காரன் அப்போது சீனாவுக்குள் புகுந்திருந்தான். எங்கள் ஊர்ச் சீனர்கள் மருந்தும் போர்வையும் சேர்த்துக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் பெண்கள் கூடி, போர்முனைக்குப் பஞ்சு வைத்த மேல்சட்டைகள் தைத்தார்கள். மெஷின் போதவில்லை. சீகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

“சனிக்கிழமை மட்டும் உன் மெஷினைத் தருவியா?”

“மெஷினைத் தனியா அனுப்ப மாட்டேன். நானும் கூட வரேன்.”

அவ்வளவுதான் ஆரம்பம். சீனா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. போன பிறகு பிடித்துப்போயிற்று. துணிக்குள் பஞ்சைப் பரப்பி, அது நகராமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்ட வேண்டும். மலாக்கா வெயிலில் அந்தச் சட்டையை மடியில் வைத்தாலே தொடை வியர்த்துவிடும். பனி எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. குண்டு விழுந்த ஊர்களிலிருந்து வந்த செய்தியை சீகு படிக்கும்போது மெஷின்கள் நின்றுவிடும். படித்து முடித்ததும் மறுபடி ஓடும். எனக்குச் சீன மொழி புரியாது. ஆனாலும் நானும் நிறுத்துவேன்.

என் கணவருக்கு இதில் ஒப்புதல் இல்லை.

“அவுங்க நாட்டுச் சண்டை. உனக்கு என்னா வந்துச்சு?” என்றார்.

“அவுங்களுக்குக் குளிருதாம்” என்றேன்.

ஒரு தடவை மூட்டைகள் கப்பலேறும் முன் எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பின்வரிசையில் சேலை கட்டி நின்றவள் நான் ஒருத்திதான். அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டினார்கள்.

பிறகு ஜப்பான்காரன் எங்கள் ஊருக்கே வந்தான். பள்ளிக்கூடத்தில் சிப்பாய்கள் தங்கினார்கள். சீனாவுக்கு உதவியவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தபோது சீகு அந்தப் படத்தை எடுத்துவர நினைத்தார். ஆனால் வாசலில் துப்பாக்கி நின்றது. அடுத்த வாரம் பட்டப்பகலில் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். தங்கை தெருமுனை வரை பின்னால் ஓடினாள். நான் கதவுக்குள் நின்றேன்.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். கடற்கரைப் பக்கம் யாரோ வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா அது. என் கணவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே மேஜையில் அந்தப் படம் இருந்தது. அதிகாரிக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர் நின்றார். வெள்ளைச் சட்டை போட்ட, நடுத்தர வயதுக்காரர். சுவரோரம் சீகு உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கியிருந்தது. ஒரு கை மடியில் சும்மா கிடந்தது.

அதிகாரி படத்தில் என்னைத் தொட்டு ஏதோ கேட்டான். மொழிபெயர்ப்பாளர் என் முகத்தைப் பார்க்காமல், கேள்வி கேட்கிற குரலிலேயே சொன்னார்:

“தங்கச்சி, நீ சீனனுக்கு உதவி செஞ்சியான்னு கேக்குறாரு. நான் சொல்றேன், கூலிக்குத் தைச்சேன்னு சொல்லிரு. மலாய்லயே சொல்லு, அவருக்குக் கொஞ்சம் புரியும்.”

நான் யோசித்ததாக நினைவில்லை. “மாக்கான் காஜி, துவான்” என்றேன். சம்பளத்துக்கு வேலை ஐயா, அவ்வளவுதான். சொல்லும்போது சீகுவைப் பார்க்கவில்லை.

அதிகாரி சீகு பக்கம் திரும்பினான். இவள் சொல்வது சரியா என்று கேட்டிருக்க வேண்டும். சீகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் சொன்னார்:

“ஆமாம், கூலிக்காரி. கொடுக்கிற காசு போதாதுன்னு சண்டை போடுவா. தையலும் மோசம். ரெண்டு தடவை பிரிச்சுத் தைக்கச் சொன்னேன்.”

அந்த இடத்தில், அந்த நிலையில், எனக்குச் சுருக்கென்றது. என் தையலைக் குறை சொல்லிவிட்டாரே என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. அவர் என்ன செய்தார் என்பது வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அதிகாரி என்னைப் போகச் சொல்லிவிட்டான். “இந்தியர் நல்லவர்” என்று அரைகுறை மலாயில் சொன்னான். நான் குனிந்து வணங்கிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், “இனிமே யாருக்கும் தைக்காதே” என்று மட்டும் சொன்னார்.

சீகு திரும்பவில்லை. அதே மண்டபத்தில் தைத்ததற்காகப் பிடித்து வைத்திருந்த இன்னொரு பெண்ணைச் சில வாரம் கழித்து வெளியே விட்டார்கள். பங்களாவில் என்னை விசாரித்த அறைக்கு அடுத்த அறையில் அவள் இருந்திருக்கிறாள். நடந்ததைச் சீகுவின் தங்கையிடம் சொன்னாள். அன்றிலிருந்து தங்கை என்னிடம் பேசவில்லை. வேலியோரம் அவளுக்கென்று மரவள்ளிக்கிழங்கு வைத்தால் அது அங்கேயே கிடந்து காயும். சந்தையில் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்புவாள். கூலிக்குத் தைத்த தமிழச்சி என்று தெருவில் பேச்சு பரவிற்று. மறுக்க வழியில்லை. மறுத்தால் அது பங்களா வரைக்கும் போய்விடும்.

அடுத்து வந்த காலத்தில் எங்கள் ஆட்கள் இந்தியாவை மீட்கப் போகிறோம் என்று படை திரட்டினார்கள். காக்கித் துணி மூட்டையாக வீட்டுக்கு வந்தது. இந்த முறை என் கணவரே மெஷினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். எங்கள் நாட்டுக்கு என்று நம்பித்தான் தைத்தேன். ஆனால் துணியைக் கொண்டுவந்தது ஜப்பான்காரன் வண்டி. தங்கை ஜன்னலில் நின்று அதைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கால்சட்டைக்குப் பட்டை வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தையலுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டிருந்தால் அன்று எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஜப்பான்காரன் தோற்றுப் போன செய்தி வந்த சில நாட்களில் தங்கை வீட்டைக் காலி செய்தாள். செங் என்ற ஊர்ப் பக்கம் உறவினர் தோட்டத்துக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். மாட்டு வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது போகாவிட்டால் பிறகு இல்லை என்று வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

“நான் காசு வாங்கல. ஒரு நாளும் வாங்கல. பயத்துல அப்படிச் சொல்லிட்டேன். உங்க அக்கா என்னைக் காப்பாத்துறதுக்காக...”

“தெரியும்” என்றாள். கையிலிருந்த பானையைக் கீழே வைக்கவில்லை. “அக்கா உன் தையலைக் காட்டித்தான் மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. மோசம்னு சொன்னாங்கன்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏன் மூணு வருஷமா என்கிட்ட பேசல?”

அவள் பானையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். கோபமாகத் தெரியவில்லை. சரியான சொல்லைத் தேடுகிறவள் மாதிரி இருந்தாள்.

“நீ வெளியே வந்துட்டே” என்றாள்.

வண்டிக்காரன் கூப்பிட்டான். பானையை வைக்கோலில் பதித்து வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். பிற்பாடு செங்குக்கு ஒரு தடவை போய் விசாரித்தேன். அங்கிருந்தும் போய்விட்டாள் என்றார்கள். அடுத்த வீட்டுக்குக் கொஞ்ச நாளில் ஒரு தபால்காரர் குடும்பம் குடிவந்தது. அவர்கள் வேலியை எடுத்துவிட்டுச் செம்பருத்தி நட்டார்கள்.