நாலு வித்தை மந்திரக்காரியும் எங்கள் மாப்பிள்ளையும்

எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். இதை எழுத உட்கார்ந்தது எங்கள் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லத்தான். ஆனாலும் பேத்தி விஷயத்தை முதலில் சொல்லிவிடாவிட்டால் கை ஓடாது. உள்ளங்கை அளவு முகம். கொட்டாவி விட்டால் அந்த முகத்தில் வாயைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. சரி, மாப்பிள்ளைக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். ஆஸ்பத்திரித் துணி, ஓட்டல் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். சேர்ந்தபோது துவைக்கும் பிரிவில் இருந்தார். அது கைவந்ததும் இஸ்திரிப் பிரிவுக்கு மாற்றிக் கேட்டார். அங்கே கை பழகியதும் கறை எடுக்கும் மேஜை. அதற்குப் பிறகு பாய்லர் அறை. ஒவ்வொரு இடத்திலும் கடைசி ஆளாகத்தான் ஆரம்பம். கூடச் சேர்ந்தவர்கள் ஒரே பிரிவில் ஒட்டிக்கொண்டு, மேற்பார்வையாளர் ஆகி, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இவர் இன்னும் நின்றபடிதான் வேலை பார்க்கிறார். அங்கே அவருக்கு வைத்த பெயர் நத்தை. அதற்கு அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"நத்தைக்குச் சொந்த வீடு இருக்கு மாமா. அவனுங்க எல்லாம் வாடகை" என்பார்.

மகள் இவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. நான் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். வாழ்நாள் முழுக்க ஒரே வேலை.

"ஒரு இடத்துல நிலையா நிக்க மாட்டாராமே?" என்று கேட்டேன்.

"நிக்காம இல்லப்பா. மெதுவாப் போறாரு. மொதப் பூச்சு காயாம ரெண்டாவது அடிக்காதன்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்வீங்க?"

அப்பன் வாயை அடைக்க அவளுக்குச் சொல்லித் தரவா வேண்டும்.

பேத்தி பிறந்து முதல் மாதம் என் வீட்டுக்காரி போய் இருந்துவிட்டு வந்தாள். அடுத்தது என் முறை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்றாவது மாடியில் சின்ன வீடு. கூடத்தில் ஒரு சோபா, டிவி, துணி காயப்போட மடக்குக் கொடி. அந்த டிவியில்தான் மாப்பிள்ளையின் மந்திரக்காரியை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அது ஒரு விளையாட்டு. நாலு பேர் கொண்ட கூட்டம் ஒன்று காடு, குகை என்று சுற்றும். வாள்காரன் ஒருவன், வில்காரி ஒருத்தி, கேடயத்தோடு ஒரு குண்டன், பின்னால் ஒல்லியாக இந்த மந்திரக்காரி. நாலு பேரையும் மாப்பிள்ளைதான் ஆட்டி வைக்கிறார். சண்டை போடப் போட ஒவ்வொருவரும் லெவல் ஏறுவார்கள். வாள்காரன் கிடுகிடுவென்று ஏறிவிட்டான். வில்காரியும் அப்படித்தான். மந்திரக்காரி மட்டும் அடிவாரத்திலேயே நின்றாள். ஏனென்றால் மாப்பிள்ளை அவளுக்கு நாலு வித்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நெருப்பு, தண்ணீர், காயம் ஆற்றுவது, எதிரியைத் தூங்க வைப்பது. ஒரே வித்தை என்றால் சீக்கிரம் ஏறிவிடுவாளாம். நாலும் என்றால் ஒவ்வொரு லெவலுக்கும் மற்றவர்களைவிடப் பல மடங்கு சண்டை வேண்டும்.

"நெருப்ப மட்டும் எடுத்திருந்தா இந்நேரம் காட்டையே கொளுத்தியிருப்பா" என்றாள் மகள், துணி மடித்துக்கொண்டே. "இப்ப பாருங்கப்பா, விறகடுப்பு பத்தவைக்கக்கூட வக்கில்ல. இவரு இவள விட மாட்டேங்குறாரு. எனக்கு வாய்ச்ச சக்களத்தி."

"சக்களத்திக்கு உன்ன மாதிரி வாய் இல்லம்மா" என்றார் மாப்பிள்ளை, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"மாப்ளே, இது எதுக்கு இந்தக் கஷ்டம்? ஒண்ணு கத்துக்கிட்டு முன்னேற வேண்டியதுதானே?" என்றேன் நான்.

"ஏறிட்டான்னா இவள மாதிரி ஆளே கிடையாது மாமா. ஏறணும், அவ்ளோதான்."

கல்யாணத்துக்கு முன் என் மகள் இவரைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

அந்த வீட்டில் அப்போது ஒரு பெரிய கவலை ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்கில் உட்காராத ஃபிரேமை வளைத்து உட்கார வைப்பதில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. விடுப்பு முடிகிற நாள் நெருங்கிவிட்டது. காலையில் அவள் கடைக்குப் போவாள், மத்தியானம் அவள் திரும்பியதும் மாப்பிள்ளை சலவைக்கூடத்துக்குப் போவார் என்று ஏற்பாடு. ஷிப்டையும் மாற்றி வாங்கிவிட்டார். எல்லாம் சரி. குழந்தைதான் அப்பா கையில் ஒரு நிமிஷம் தங்க மாட்டேன் என்றது.

அவர் பிள்ளையைத் தூக்குவதைப் பார்க்க வேண்டுமே. இஸ்திரி போட்ட சட்டையை மடிப்புக் கலையாமல் கொண்டுபோவது போல, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பேத்தி ஒரு தடவை அவர் முகத்தைப் பார்ப்பாள். உதடு கோணும். அப்புறம் மூன்று மாடிக்கும் கேட்கும்.

உடனே நான் போய்விடுவேன். "குடுங்க மாப்ளே இப்பிடி" என்று வாங்கித் தோளில் போட்டு இரண்டு தட்டு. கப்சிப். எனக்குப் பெருமை தாங்காது. ஏணியில் நின்று நின்று உரம் ஏறிய தோள், சும்மாவா. "தாத்தா தோளுன்னா தோளுதான்" என்று அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நடப்பேன். மாப்பிள்ளை வெறும் கையைப் பார்த்துவிட்டு, கொடியில் காய்கிற துணியைத் தொட்டுப் பார்க்கப் போய்விடுவார்.

"இவரு கையில அடங்கலன்னா நான் வேலைய விட்டுடறேம்ப்பா. வேற வழியில்ல" என்றாள் மகள் ஒரு நாள். சாதாரணமாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் மூக்கு சிவந்திருந்தது.

அன்றைக்குப் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை விளையாடுவதைப் பார்த்தபடி நின்றேன். கூட்டம் ஒரு பெரிய மிருகத்தோடு மல்லுக்கட்டியது. மிருகம் தள்ளாட ஆரம்பித்தது. இன்னும் இரண்டு வெட்டு போட்டால் விழுந்துவிடும். அந்த நேரம் பார்த்து வாள்காரன் ஓடிப்போனான். பின்னாலேயே வில்காரி. குண்டனும் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான். மந்திரக்காரி மட்டும் தனியாக.

"என்ன மாப்ளே, தொடை நடுங்கிப் பசங்களா இருக்கானுங்க?"

"நான்தான் போகச் சொன்னேன் மாமா. சண்டை முடியும்போது யாரு நிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் லெவல் ஏத்துற புள்ளியில பங்கு. நாலு பேரு நின்னா நாலாப் பிரியும். இவ மட்டும் நின்னா மொத்தமும் இவளுக்கு."

"அடி வாங்குறாளே!"

"வாங்குவா. செத்துடாமப் பாத்துக்கணும்."

மந்திரக்காரி நெருப்பை வீசினாள், பட்டும் படாமலும். தனக்குத்தானே காயம் ஆற்றிக்கொண்டாள். மிருகம் அறைந்தது. மறுபடி ஆற்றிக்கொண்டாள். பார்க்கவே எரிச்சலாக இருந்தது. கடைசியில் அதைத் தூங்கவைத்து, தூங்குகிறபோது சுட்டு முடித்தாள். மாப்பிள்ளை ஏதோ பரீட்சையில் பிள்ளை தேறியது போல முதுகை நிமிர்த்தினார்.

மறுநாள் அடுத்த சண்டை நடுவில் பால் சுடவைக்க எழுந்து போனார். "மாமா, கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்று கையிலிருந்த கன்ட்ரோலரை என்னிடம் கொடுத்தார். பிடித்துக்கொள்ளத்தான் சொன்னார். மந்திரக்காரி அறை வாங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அவர் எதை அழுத்துவார் என்று பார்த்து வைத்திருந்தேன். வாள்காரனைக் கூப்பிட்டேன். ஒரே வெட்டு. மிருகம் சாய்ந்தது.

"மாப்ளே! ஜெயிச்சாச்சு!" என்று கத்தினேன்.

பால் பாட்டிலோடு வந்தவர் டிவியைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. மந்திரக்காரிக்கு வந்தது பாதிப் பங்குதான். மறு பாதியை வாள்காரன் வாங்கிக்கொண்டு நின்றான், அவனுக்கு அது தேவையே இல்லாதபோது.

"முடிச்சுட்டீங்களா மாமா" என்றார். திட்டவில்லை.

பக்கத்து அறையில் பேத்தி விழித்துக்கொண்டாள். அவர் போய்த் தூக்கினார். அழுகை கிளம்பியது. நான் பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன், வாங்கினேன், தட்டினேன், கப்சிப். அவர் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் நின்ற அந்த நிலையைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ சுருக்கென்றது. இந்த வீட்டில் வாள்காரன் யார் என்று எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் காலை மகள் பால் கொடுத்து முடித்ததும், பேத்தியை வாங்கி மாப்பிள்ளை கையில் வைத்தேன். அவள் உதட்டைக் கோணினாள். நான் செருப்பை மாட்டினேன்.

"அப்பா, எங்க கிளம்பிட்டீங்க? பிள்ள அழப்போகுது."

"அழட்டும். நீயும் வா."

"நான் எதுக்கு?"

"வான்னா வா. நாம ரெண்டு பேரும் இருந்தா முடிச்சுடுவோம்."

அவளுக்குப் புரியவில்லை. மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. "மாமா!" என்று கூப்பிட்டார், கொஞ்சம் பயந்த குரலில். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றோம். மேலே அழுகை வீறிட்டது. மகள் படியில் கால் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவளைவிட எனக்குத்தான் ஓட வேண்டும் போல இருந்தது. தோள் இரண்டும் தினவெடுத்தன. அன்றைக்கு மகள்தான் ஜெயித்தாள், என்னைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் நேரம் தாக்குப்பிடித்தோம். அதற்கு மறுநாள் தெருக்கோடி வரை நடந்து, வேண்டாத வெங்காயம் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

படியேறும்போது சத்தமே இல்லை. மகள் என் கையை அழுத்தினாள். சத்தம் இல்லாவிட்டாலும் பயம்தான்.

கதவைத் திறந்தோம். மாப்பிள்ளை கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். நீட்டிய கையைக் காணோம். பேத்தி குப்புற, அவர் முன்கையில் துவைத்த துண்டு போலத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவர் வாயால் "ஸ்ஸ்ஸ்... உஸ்ஸ்ஸ்" என்று பாய்லரில் நீராவி போவது போலச் சத்தம் விட்டுக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க பால் கக்கிய கறை. பேத்தியின் கண் பாதி மூடியிருந்தது.

"என்ன பண்ணீங்க?" மகள் குசுகுசுத்தாள்.

"எல்லாத்தையும் பண்ணிப் பாத்தேன். தோள்ல போட்டேன், ஆட்டினேன், தண்ணிக் குழாயத் திறந்து காமிச்சேன், பாடினேன். பாடினதுக்குத்தான் ரொம்ப அழுதா."

"அதுல அவ மேல தப்பில்ல" என்றாள் மகள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயத்தை வைக்கப் போனாள். வெங்காயம் அப்போது உரிக்கப்படவில்லை, ஆனாலும் கண்ணைத் துடைத்தாள்.

அவள் கண்ணாடிக் கடைக்குத் திரும்பிப் போன முதல் நாள், நான் ஊருக்குக் கிளம்பும் நாளும் அதுதான். பெட்டி கட்டியாகிவிட்டது. பேத்தி அப்பாவின் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கடைசியாக ஒரு தடவை தூக்கிவிட்டுப் போகலாம் என்று கையை நீட்டினேன்.

"இருங்க மாமா. இப்பதான் கண்ண மூடினா" என்றார்.

கொடுக்க மாட்டேன் என்கிறார்! என் பேத்தியை என்னிடமே! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான்.

"உங்களுக்குக் கை சும்மா இருக்காதே. அத எடுங்க" என்று கண்ணால் கன்ட்ரோலரைக் காட்டினார். "சண்டை பாதியில நிக்குது. ஆனா முடிச்சிராதீங்க."

அவர் சொல்லச் சொல்ல அழுத்தினேன். வாள்காரனை அனுப்பினேன். வில்காரியை அனுப்பினேன். குண்டன் என்னைப் போலவே போக மனசில்லாமல் மெதுவாகப் போனான். மந்திரக்காரி தனியாக நின்றாள். இரண்டு அறை வாங்கினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இப்ப தூங்க வைங்க மாமா" என்றார் மாப்பிள்ளை, பேத்தியின் முதுகைத் தடவிக்கொண்டே. "மெதுவா."