மழை வராத நாளில் மூடிய களம்

நான் வேலை பார்ப்பது, சாமையை உமி நீக்கி அரிசியாக்கும் சிறிய ஆலையில். அரியூர் நாடு என்ற மலைப்பகுதியில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மேலாளர் வேறு வேலைக்குப் போனதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கூடவே ஒரு கவலையும் வந்தது. வேலைக்கு வரும் பெண்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சிலர் போனால் ஆலையை மூட வேண்டியதுதான்.

காரணங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். கூலியா? பக்கத்துத் தோட்டங்களிலும் அதே கூலிதான். தூரமா? எல்லாரும் நடந்து வருகிறவர்கள். தூசியா? அது ஆரம்பத்திலிருந்தே உண்டு. மிஞ்சியது பழைய மேலாளரின் முறை. அவர் கெட்டவர் அல்ல. சம்பளத்தைத் தாமதித்ததே இல்லை. ஆனால் எதையும் அவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஒருமுறை மேகத்தைப் பார்த்து, களத்தில் காய்ந்த சாமையைப் பெண்கள் தாங்களாகவே மூடிவிட்டார்கள். "யாரைக் கேட்டு மூடுனீங்க?" என்று கத்தினார். அடுத்த மழைக்கு, அவர் போன் பேசி முடிக்கும்வரை, கைகட்டி நின்றார்கள். சாமை நனைந்தது. தங்கள் களத்தில் ஒரு தூறல் விழுந்தால் சோற்றுக் கையோடு ஓடுகிறவர்கள் அவர்கள்.

"மழை வர்ற மாதிரி இருந்தா நீங்களே மூடிருங்கக்கா, என்னைக் கேக்க வேண்டாம்" என்றேன்.

"சரிங்க மேடம்." எதற்கும் அந்தப் பதில்தான்.

சில நாளில் வானம் கறுத்தது. அவர்களில் மூத்த அக்கா எழுந்து தார்ப்பாயை இழுத்தார். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுமுனையைப் பிடித்தார்கள். மழை வரவில்லை. பிறகு நல்ல வெயில் அடித்தது. நான் கிடங்கில் இருந்தேன். திறக்க யாருக்கும் துணிவில்லை. சாமை காயாமல், சரக்கு ஏற்ற வந்த லாரி காலியாக நின்றது.

"ஏனுங்க, வெயிலுக்குப் பயந்து மூடிட்டீங்களாக்கும்?" என்றார் ஓட்டுநர். யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி போனில் கத்தியது களம்வரை கேட்டிருக்கும். "நாங்கதாங்க மூடுனோம். மழை வரும்னுதான் தோணுச்சு. நாளைக்கு ஏத்தி அனுப்பறேங்க" என்று வைத்துவிட்டேன். யார் மூடியது என்று அவரும் கேட்டிருந்தார். நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூத்த அக்கா வந்தார். "தொறக்கறதுக்கும் கேக்க வேண்டாமுங்களா?"

"வேண்டாங்கக்கா."

"அதைய முன்னாடியே சொல்லியிருந்தா லாரிக்காரன்கிட்டப் பேச்சு வாங்கியிருக்க மாட்டோமில்ல?"

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர்கள் என்னிடம் சொன்ன முதல் குறை அது.

அடுத்த மழை வந்தபோது நான் அலுவலக வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தேன். "கண்ணு, அந்தப் போனை வெச்சுப்போட்டு மூலையைப் புடி!" என்று களத்திலிருந்து ஒரு குரல். என்னைத்தான் என்று புரிய ஒரு கணம் ஆனது. ஓடினேன்.

அதன்பின் யாருமே விலகவில்லை என்று சொல்ல முடியாது. ஒருவர் மகளின் பிரசவத்துக்காக வேலையிலிருந்து நின்றார். போகும்முன் தன் நாத்தனாரைக் கூட்டிவந்து, தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனார்.