சூப்பர்வைசர் தின்ற கறுப்பு சாக்லேட்

சிமெண்டுத் தரையில் நாயின் நகம் உரசும் சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தெருநாய் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும், யாராவது அதட்டுவார்கள், நாலைந்து தட்டல்களோடு அது வெளியே ஓடிவிடும். அந்தச் சத்தம் ஓயாமல், கூடத்திலிருந்து சமையலறைக்கும் அங்கிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து மறுபடியும் கூடத்துக்குமாக ஒரு பிற்பகலில் நடந்துகொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 2005ஆம் ஆண்டுக் கோடையில் மரக்காணத்தில் அதைக் கேட்டேன். இன்றும் பக்கத்து வீட்டில் யாராவது பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டினால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

இளமைக்கால நினைவு எழுதுகிறவர் தம்முடைய இளமையைத்தான் எழுத வேண்டும் என்பது முறை. முறைகளை மீறி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் என் இளமையில் சாக்லேட் எங்களுக்கே கிடைத்ததில்லை, நாய்க்கு எங்கே கிடைத்திருக்கும்? ஆகவே இது என் மகள் பவித்ராவின் இளமைக்காலம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு இப்போது வேலை அதிகம், எழுதமாட்டாள். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, எழுதுகிறேன்.

அப்போது நான் அங்கே ஓர் உப்பள அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். உப்புப் பாத்திகள் முடிகிற இடத்தில் ஒற்றைத் தெரு. அதில் உப்பளத்து ஆட்களின் வீடுகள், தெருக் கோடியில் என் வீடு. முந்தைய டிசம்பரில் கடல் உள்ளே வந்து திரும்பிப் போன பிறகு, எந்தக் குப்பத்திலிருந்தோ ஒரு செவலை நாய் வந்து சேர்ந்தது. யாரைத் தேடி வந்ததோ, அவர் கிடைக்கவில்லை போலும், தெருவிலேயே தங்கிவிட்டது. காலையிலும் மாலையிலும் பாத்தி வரப்புகளில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கும், அங்கங்கே நின்று முறைக்கும், எந்த வேலையும் செய்யாது. உப்பு வாருகிறவர்கள் அதற்கு "சூப்பர்வைசர்" என்று பெயர் வைத்தார்கள். என் காதுபடவே கூப்பிட்டார்கள். பவித்ரா மட்டும் மரியாதைக்காகச் சுருக்கி "சூப்பர்" என்றாள். பள்ளி விட்டு வந்தால் அவளும் அதுவும் சேர்ந்துதான் வரப்பில் நடப்பார்கள். அலைக்குப் பிறகு வெகுநாள் கடல் பக்கம் திரும்பவே பயந்த பெண், அந்த நாய் கூட வந்தால்தான் வீட்டு வாசலைத் தாண்டினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; பின்னால் நடந்ததற்கு அது தேவை.

கோட்டக்குப்பத்திலிருந்து சிறிய வண்டியில் வந்து உப்பு மூட்டை ஏற்றிப் போகும் கரீம் பாய் என்ற வியாபாரி அன்று ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன அவர் மகன் முதல் விடுமுறையில் வந்திருந்தான். அவன் கொண்டுவந்த சாக்லேட்டை வீட்டுக்கு ஒன்றாக அவரே வாசல் வாசலாக நின்று கொடுத்தார், எங்கள் வீட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. கறுப்பு உறை, பொன்னெழுத்து, உள்ளங்கை அகலக் கட்டி. எங்கள் தெருவில் எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் கண்ணெதிரே ஒரு விள்ளல் வாயில் போட்டு "நல்லா இருக்குது" என்று சொல்வதுதான் மரியாதை. எல்லாரும் போட்டார்கள். உப்பு வாரும் ஏழுமலையின் முகம், வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தையின் முகமாக ஒரு கணம் மாறி, மீண்டு, "அருமை பாய், வெளிநாட்டுச் சரக்குன்னா சரக்குதான்" என்றது. நான் உறையைப் படித்தேன். கோகோ எண்பத்தைந்து சதவீதம் என்று போட்டிருந்தது. மீதிப் பதினைந்து எதற்காக என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, நாக்குக்கு அது எட்டவே இல்லை. "பிரமாதம் பாய்" என்றேன் நானும். பாய் முகம் மலர்ந்து மூட்டை ஏற்றப் போனார்.

வெயில் சாயத் தொடங்கியபோது எங்கள் வீட்டுக்குள் அந்த நகச் சத்தம் ஆரம்பித்தது. உட்காரச் சொன்னால் நாய் உட்காரவில்லை, படுத்தால் உடனே துள்ளி எழுந்தது. தண்ணீர்ச் சட்டியைக் காலி செய்துவிட்டு மூச்சிரைக்க நின்றது, தூணுக்குத் தூண் நனைத்தது, மறுபடி நடந்தது. பவித்ரா அதன் மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அப்பா, சூப்பருக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதுப்பா. நிக்கவே மாட்டேங்குது."

வாசல் ஓரம் கறுப்பு உறை ஒன்று கிடந்தது. சாக்லேட் நாய்க்கு விஷம்; தின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நடைமுறை உண்டு, வரிசையாகச் சொல்கிறேன்: மிச்சம் இருந்தால் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும், உறையைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ள வேண்டும், நாமாக எதையும் வாயில் ஊற்றக் கூடாது, நாயின் எடை, தின்ற வகை, தின்ற அளவு, தின்று எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற நான்கையும் கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். இதையெல்லாம் அன்று நான் அறிந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்த நடைமுறை ஒன்றே: யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்பது. ஜன்னலோரத் தொலைபேசியில் திண்டிவனத்தில் இருந்த ஒரு கால்நடை மருத்துவரை அழைத்தேன். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே தெரு கூடிவிட்டது.

எடையைக் கேட்டார் மருத்துவர். வாசலில் இருந்த மூட்டை நிறுக்கும் தராசில் நாய் நிற்க மறுத்தது, ஏழுமலை அதைக் கட்டிக்கொண்டு ஏறினான், பிறகு தான் மட்டும் ஏறினான், கழித்துச் சொன்னேன். வகையைக் கேட்டார். கறுப்பு, எண்பத்தைந்து என்று படித்தேன். மருத்துவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"பால் சாக்லேட்னா பயம் குறைவு சார். இது கடுமையான சரக்கு. எவ்வளவு தின்னுச்சு?"

நான் ஜன்னல் வழியே திரும்பி, "எவ்வளவு தின்னுச்சு?" என்றேன்.

பதில் வருமுன், அடுத்த வீட்டு அஞ்சலை ஒரு சொம்போடு வந்துவிட்டாள். "அதெல்லாம் எதுக்கு சார் கணக்கு? ரெண்டு கை கல்லுப்பு கரைச்சிருக்கறேன். வாயைப் பொளந்து ஊத்துனா தின்னது மொத்தமும் வெளிய வந்துடும்."

எங்கள் அலுவலகச் சுவரில் தொங்கிய முதலுதவி அட்டையிலும் விஷத்துக்கு உப்புத் தண்ணீர் என்றுதான் எழுதியிருந்தது. நான் அதை மருத்துவரிடம் சொன்னேன். தொலைபேசி அதிர்ந்தது.

"ஊத்திடாதீங்க! உப்பு அதிகமானா அதுவே நாயைக் கொன்னுடும். அந்தச் சொம்பை முதல்ல வாங்கி வைங்க."

வாங்கி வைத்தேன். "உப்பு கூடாதாம்" என்றேன் வெளியே. உப்பால் சோறு தின்கிற தெரு திகைத்து நின்றது.

"உப்பு ஆகாதா?" என்றான் ஏழுமலை. "அப்புறம் எதுக்கு சார் இந்த ஊரு?"

யாரோ சிரித்தார்கள். பவித்ரா சிரிக்கவில்லை. நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள், அது அவளையும் இழுத்துக்கொண்டு வட்டமடித்தது. மருத்துவர் பேச்சைத் தொடர்ந்தார்: சிறு துண்டு என்றால் வீட்டிலேயே அமைதியாக வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், கட்டி கட்டியாகத் தின்றிருந்தால் நடுக்கம் எடுப்பதற்கு முன் கொண்டுவந்தாக வேண்டும், பிறகு இதயம் தாங்காது, அவர் வெளியூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், தின்றது அதிகமென்றால் மட்டும் காத்திருப்பார். "உண்மையான அளவைக் கேட்டுச் சொல்லுங்க சார்" என்றார்.

கேட்டேன். அந்த நேரத்தில்தான் கரீம் பாயின் வண்டி பாதி மூட்டையோடு வந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்து அவர் இறங்கி வந்தார். எல்லாக் கண்களும் அவர் மேல் பட்டுத் தரைக்குப் போயின.

"எங்க வூட்டுல கை தவறி ஒரு துளி விழுந்துச்சு சார்" என்றாள் அஞ்சலை. "நகத்தளவு."

"எம்புள்ள கையில இருந்து புடுங்கிடுச்சு. ஓரந்தான்" என்றான் ஏழுமலை.

இப்படியே தெரு முழுக்க நகத்தளவும் ஓரமும் துளியுமாகத்தான் விழுந்திருந்தது. கூட்டிப் பார்த்தால் ஒரு எலிக்குக்கூட நெஞ்சு படபடக்காது. நாயோ நடந்துகொண்டிருந்தது. பவித்ரா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் தன் அம்மாவைப் பார்த்தாள். குழந்தை ஏதோ சொல்ல வாய் திறந்தபோது என் மனைவியின் கை அவள் தோளில் இறுகியது. மகன் சம்பாதித்து முதன்முதலாகக் கொண்டுவந்ததை, பாய் தம் கையால் கொடுத்ததை, நாய்க்குப் போட்டோம் என்று அவர் முகத்துக்கு நேரே யார் சொல்வது? மருத்துவர் மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அலுவலக வாழ்வில் எத்தனையோ விசாரணைகளை நடத்தியவன் நான். மரியாதையின் பொருட்டுச் சொல்லப்படும் பொய்யை உடைக்க என்னிடம் எந்த நடைமுறையும் இருக்கவில்லை.

கரீம் பாய் ஜன்னலைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், கீழே கிடந்த கறுப்பு உறையைக் குனிந்து எடுத்தார். பிறகு உரக்கச் சிரித்தார்.

"அட, ஏம்பா இப்படி முழிக்கறீங்க? எங்க வூட்டுலயே ஒருத்தரும் வாயில வெக்கல. எம்பையனுக்கு ஒண்ணும் வாங்கத் தெரியல. நான் ஒரு கடி கடிச்சிட்டு மாடியில காக்காய்க்குப் போட்டேன். காக்காயே திரும்பிப் பாக்கல. மருந்துக் கசப்பு! சொல்லுங்க சீக்கிரம், யாரு யாரு போட்டீங்க?"

அஞ்சலை களுக்கென்று சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "முழுசா போட்டுட்டேன் பாய், கோச்சிக்காதீங்க."

"கடிச்சதை மட்டுந்தான் முழுங்கினேன். மிச்சம் சூப்பர்வைசருக்குத்தான்" என்றான் ஏழுமலை.

அதன்பின் மடை திறந்துகொண்டது. எதிர் வீட்டில் ஒன்று, கிணற்றடி வீட்டில் ஒன்று, ஒருத்தி அடுத்தவள் வீட்டுக் கட்டியையும் வாங்கித் தானே போட்டிருந்தாள். "எங்களுது ரெண்டும்" என்று என் மனைவியின் குரல் வந்தது. அதுவரை என்னுடையது குளிர்பெட்டியில் பத்திரமாக இருப்பதாகத்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் அத்தனையையும் தொலைபேசியில் சொன்னேன்.

"தூக்கிட்டு வாங்க. நான் இருக்கறேன்" என்றார் மருத்துவர்.

வண்டி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பாய் பின்கதவைத் திறந்து மூட்டைகளின் மேல் சாக்கை விரித்தார். நாயின் எச்சில் பட்டால் அவர் மார்க்கப்படி கழுவுகிற வேலை உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். "கழுவினா போவுது, ஏறுங்கப்பா" என்றார். ஏழுமலை நாயை மடியில் இறுக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான், பவித்ராவும் நானும் முன்னால். திண்டிவனம் சாலையில் பிரம்மதேசம் தாண்டியபோது ஏழுமலை தடுப்பைத் தட்டி, "கால் உதறுது சார்" என்றான். பவித்ரா என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. பெருமுக்கல் மலை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அது பாதியைத் தாண்டியதன் அடையாளம் என்று நான் சொல்லி வைத்திருந்தேன்.

மலை தெரிந்தபோது பாய் பதற்றத்தில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், முன்கண்ணாடிக்குக் கீழே துழாவி எதையோ எடுத்தார். கறுப்பு உறையில் பாதி தின்ற கட்டி. ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டு, நிதானமாக, பழகிய ருசியோடு சுவைத்தார். இன்னொன்றும் போட்டார். பிறகுதான் நாங்கள் பார்ப்பது அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

"எனக்குப் புடிக்கும் சார்" என்றார், திருடி மாட்டிக்கொண்டவரைப் போல. "தெருவுல சொல்லிடாதீங்க."

நாங்கள் சொல்லவில்லை.

மருத்துவர் வாசலிலேயே நின்றிருந்தார். நடுக்கத்தை அடக்க ஊசி போட்டார், நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார், நடுக்கம் அடங்கிய பின் விஷத்தை உறிஞ்சும் கரியைக் கரைத்துக் குழாய் வழியே உள்ளே விட்டார். இருட்டும்வரை நெஞ்சில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். "அளவு தெரிஞ்சதால எல்லாம் ரெடியா வெச்சிருந்தேன்" என்றார். மறுநாள் நாய் தள்ளாடிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கியது, நேராக வரப்புக்குப் போய், நின்று, எல்லாரையும் முறைத்தது. பவித்ரா அதன் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள். அடுத்த முறை பாய் காராபூந்தி கொண்டுவந்தார்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். அந்த நாய் தன் காலம் முடிந்து, பாத்தி ஓரத்திலேயே புதைக்கப்பட்டது. கரீம் பாய் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஜன்னலோரத் தொலைபேசி போய்விட்டது. அலுவலகக் கட்டடத்தில் இப்போது யாரோ இறால் தீவன மூட்டை அடுக்குகிறார்களாம். நாய் சாக்லேட் தின்றால் என்ன செய்வது என்று இன்று கைப்பேசியில் தட்டினால் எடையையும் சதவீதத்தையும் கேட்டு ஆபத்தைக் கணக்கிட்டே சொல்லிவிடுகிறது. "எவ்வளவு?" என்ற கட்டத்தை நிரப்பும் வேலை மட்டும் இன்னும் மனிதர்களிடம் இருக்கிறது.

போன வாரம், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பவித்ரா தெரிந்தவர் மூலம் ஒரு பெட்டி சாக்லேட் அனுப்பியிருந்தாள். கறுப்பு உறை, தொண்ணூறு சதவீதம், உலகம் முன்னேறியிருக்கிறது. இரவு வீடியோவில் வந்து, "எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள்.

"பிரமாதம்மா" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உரக்கச் சிரித்தாள். "அட, விடுங்கப்பா. மருந்துக் கசப்பு. நானே வாயில வெக்கல."

அவள் பின்னால் மேசையில், கறுப்பு உறையில் பாதி தின்ற கட்டி கிடந்தது.