வீரையாவின் இரண்டாவது முதல் வீடு

வீரையா யாருக்கும் பணம் கொடுத்து உதவியவர் இல்லை. கொடுக்கும்படி அவரிடம் எப்போதும் இருந்ததில்லை. அவர் கொடுத்ததெல்லாம் தம் பேரைத்தான்.

மலேசியாவிலிருந்து புதிதாக ஆக்லாந்தில் வந்திறங்கும் தமிழ்ப் பையன் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், 'இவன் நல்லவனா, சுவரில் ஆணி அடிப்பானா?' என்று வீட்டுக்காரர் ஃபோனில் விசாரிப்பது வீரையாவிடம். பதிவுத் திருமணத்துக்கு ஒரு சாட்சி குறைந்தால் வீரையா. திருவிழாவுக்கு மண்டபம் எடுக்கும்போது, நாற்காலி உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்ட இடத்திலும் வீரையா. பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரின் கையெழுத்துக்கு இவ்வளவு கிராக்கி இருந்தது என்றால், அது அவரே எதிர்பாராத பதவி. அந்தப் பதவியை அவர் ரகசியமாக ரசித்தார்.

"பேருதானலா கேக்குறான், கிட்னியா கேக்குறான்?" என்பார் மனைவி சாந்தாவிடம்.

"கிட்னின்னா ரெண்டு இருக்குங்க," என்பாள் சாந்தா.

சாந்தாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மற்றவர்களின் தாய் தகப்பனைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வீட்டுக்கு வருவாள். வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். அவர்கள் குடியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக அவர்கள் காலடியிலேயே விற்பனையாயின. ஆக்லாந்தில் அந்தக் காலத்தில் வீடுகள் மனிதர்களைவிட அதிகமாக இடம் மாறின. அதாவது, கை மாறின. ஒவ்வொரு முறையும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும், சாந்தா பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றுவாள். போன முறை சுற்றியதில் பாதியை அவள் பிரிக்கவே இல்லை. எப்படியும் அடுத்த நோட்டீஸ் வருமே என்று அப்படியே அலமாரியில் வைத்திருந்தாள். 2016 ஜூன் மாதக் குளிரில் அதுவும் வந்தது.

அவளுக்கு வேண்டியது பெரிய வீடு இல்லை. யாரும் கிளப்ப முடியாத வீடு.

அதற்கு அரசாங்கமே வழி வைத்திருந்தது. முதல் வீடு வாங்குகிறவர்கள் கிவிசேவரில் சேர்ந்த ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்து முன்பணம் கட்டலாம். அதோடு அரசும் ஆளுக்கொரு உதவித்தொகை தரும். நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டாமலிருக்க இவர்கள் தனியாக எந்த முயற்சியும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வீட்டின் விலையும் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. அந்த விலைக்குள் ஆக்லாந்தில் கிடைத்த வீடுகளில் பாதியை, வெளியே நிற்கும் காரோடு ஒப்பிட்டால் கார் பெரிதாக இருந்தது.

ஆனாலும் கிளென் ஈடனில் ஒன்று கிடைத்தது. முன்வீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த சின்ன யூனிட். இரண்டு படுக்கையறை, ரயில் போனால் ஜன்னல் அதிரும், கம்பளத்தில் யாரோ ஒருவருடைய நாயின் வாசனை. ஆல்பனியில் படிக்கும் மகள் ஷாமினி உள்ளே நுழைந்ததுமே மூக்கைப் பிடித்தாள்.

"மம், இட் ஸ்டிங்க்ஸ்."

"ஒங்கப்பா சாக்ஸை விடவா?" என்றாள் சாந்தா. அதற்குள் அவள் சமையலறையில் நின்று, எந்த டப்பா எந்தத் தட்டில் என்று முடிவு செய்துவிட்டிருந்தாள்.

விலை பேசியாகிவிட்டது. முன்பணத்துக்கு வழி உறுதியானால் ஒப்பந்தம் நிலைக்கும். வெள்ளிக்கிழமைக்குள் உறுதியாகவில்லை என்றால் விற்பவர் அடுத்த ஆளிடம் போவார். அடுத்த ஆள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

வக்கீல் அஸ்வினி கோயம்புத்தூர்ப் பெண். மளிகைக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கூப்பிட்டு அனுப்பி, இருவரையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"சார், உங்களுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கு."

வீரையா சிரித்தார். "எந்த ஊர்லம்மா? மலேசியாவுல எங்கப்பாரு இருந்ததே தோட்டத்துக் கம்பெனி குடுத்த லயம்."

"இந்த ஊர்லதான் சார். ஆல்பனில. நீங்களும் திருமாறன்னு ஒருத்தரும் சேந்து வாங்கியிருக்கீங்க. ஆளுக்குப் பாதி."

"அதுவா!" என்றார் வீரையா நிம்மதியாக. "அது மாறன் தம்பி வீடும்மா. பேங்க்ல இன்னொரு சம்பளம் காட்டச் சொன்னான். சும்மா பேருக்கு நின்னேன்."

நடந்தது 2009இல். திருமாறன் கம்ப்யூட்டர் படித்தவன், டை கட்டுகிறவன், ஈப்போவில் வீரையாவுக்கு அடுத்த தெருப் பையன். அவன் வந்து, "அண்ணே, ஒங்களை விட்டா எனக்கு யாருண்ணே இருக்கா?" என்று கேட்டபோது வீரையாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. படித்தவனுக்கே தம் பேர் தேவைப்படுகிறது! அன்றைய வக்கீல் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாக விளக்கினார். வீரையா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். கல்யாணத்தில் ஐயர் மந்திரம் சொல்லும்போதும் அப்படித்தான் ஆட்டியிருந்தார். அதன்பின் அவ்வப்போது பேங்குக்குக் காகிதம் வேண்டும் என்று திருமாறன் காரில் வந்து அழைத்துப்போவான். கையெழுத்து, பிறகு கடையில் ஒரு தே தாரிக் டீ, வீடு வரை சவாரி.

"நாலு பெட்ரூம் வீடா அது?" என்று கேட்டாள் சாந்தா. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை.

"நான் அங்க ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லம்மா," என்றார் வீரையா அஸ்வினியிடம்.

"படுத்தீங்களான்னு சட்டம் கேக்காது சார். ஓனரான்னுதான் கேக்கும். உங்க பேர்ல வீடு இருக்கிறவரைக்கும் உங்க சேமிப்பையும் எடுக்க முடியாது, உங்க உதவித்தொகையும் வராது. அம்மாவோடது மட்டும்தான் வரும். அது முன்பணத்துக்குப் பத்தாது."

"ஒன்னும் தெரியாத மாதிரி எழுதிட்டா?"

"சத்தியம் பண்ணித் தர்ற காகிதம் சார் அது. எனக்கு லைசென்ஸ் போகும், உங்களுக்குக் கோர்ட்டு." அஸ்வினி குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த வீட்டோட இன்னைக்கு விலைக்கு, பாதி உங்களோடதுன்னு கேஸ் போடலாம். போட்டா நீங்க கிளென் ஈடன்ல ஒண்ணு இல்ல, ரெண்டு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம்."

வீரையா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கோயில் உண்டியலை உடைக்கச் சொன்னதுபோல் அவருக்கு வியர்த்தது. சாந்தா அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. முதியோர் இல்லத்தில், தான் யார் என்பதே மறந்துபோனவர்களுக்குச் சட்டை பொத்தான் போட்டுவிடும்போது பார்க்கும் பார்வை.

"சரி, மொதல்ல போய்ப் பேசிப் பாருங்க," என்றாள் அஸ்வினி. "ஆனா என்கிட்ட காட்டாம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

வீரையா அதற்கும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆல்பனிக்குப் போனார்கள். வீட்டுக்கு முன்னால் இரண்டு கார்கள், பின்னால் மரத் தளம், நடுவில் வெள்ளைச் சோபா. அதில் உட்கார வீரையாவுக்குக் கூச்சமாக இருந்ததால் விளிம்பில் உட்கார்ந்தார். தம் பாதியில்தான் உட்கார்ந்திருக்கிறோமா என்று அவர் யோசிக்கவில்லை. சாந்தா யோசித்தாள்.

"வாங்கண்ணே, அண்ணி, பசியாறியாச்சா?" என்று வந்தான் திருமாறன். மனைவி யுவனேஸ்வரி தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமாக நாசி லெமாக் எடுத்துவைத்தாள். வீரையா விஷயத்தைச் சொல்வதற்குள் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார்.

திருமாறன் பொறுமையாகக் கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கும்.

"அண்ணே, ஒங்க பேரை இன்னைக்கே எடுத்துடலாம்னுதான் எனக்கும் ஆசை. ஆனா இந்த வீட்டை வச்சு ரெண்டாவது வாங்கினேன். அதை வச்சு மூணாவது. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? இப்ப அடியில இருக்கிறதை உருவுனா மத்தது சரிஞ்சிடும். எனக்கு மட்டும்னு பேங்க் இவ்வளவு லோன் தர மாட்டான்லா."

"அப்ப அந்தக் குறையிற பணத்தையாவது..." என்று இழுத்தார் வீரையா.

"பணமா என்கிட்ட ஒன்னும் இல்லண்ணே. எல்லாம் வீடா நிக்குது."

"எங்ககிட்டயும் அப்படித்தான் தம்பி," என்றாள் சாந்தா. "எல்லாம் ஒங்க வீடா நிக்குது."

யுவனேஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள். சாந்தா எழுந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"பாதி எங்களோடதாம்லா. லோயர் பொண்ணு சொல்லுச்சு. எந்தப் பாதின்னு மட்டும் சொல்லுங்க, யுவனா. அடுப்படி இருக்கிற பாதியா, கக்கூஸ் இருக்கிற பாதியா?"

"என்னாக்கா இது, பேச்சு எங்கியோ போவுது..."

"சாந்தா!" என்றார் வீரையா. "ஒக்காரு. சாப்பிட்ட வீட்ல என்னா பேச்சு இது!" பிறகு திருமாறனைப் பார்த்து, "அவளுக்கு நைட் ஷிஃப்ட், தம்பி. தூக்கம் பத்தல. தப்பா எடுத்துக்காத," என்றார்.

திரும்பும் வழியில் கார் பாலத்தைத் தாண்டியது.

"கேஸ் போடுங்க," என்றாள் சாந்தா.

"நம்பிக் கேட்டான். நம்பிக் கொடுத்தேன். இப்ப கோர்ட்டுக்கு இழுத்தா ஊர்ல என் பேரு என்னாவும்?"

"அந்தப் பேருக்குத்தான் அவன் மூணு வீடு வாங்கிட்டானே. அதுக்கு மேல அது என்னாவணும்?"

வீரையா சிக்னல் போட்டுத் திரும்பினார். திரும்ப வேண்டிய இடம் அதுவல்ல. இரண்டு தெரு சுற்றி மறுபடி பாதைக்கு வந்தார்கள்.

புதன்கிழமை மாலை திருமாறனே வந்தான். கையில் கேக், முகத்தில் வெளிச்சம். அலமாரியில் செய்தித்தாள் சுற்றிய பாத்திரங்களைத் தள்ளிவைத்து, சாந்தா அவனுக்கு ஒரு கோப்பை எடுத்தாள்.

"அண்ணே, ராத்திரி பூரா தூங்கல. ஒரு வழி இருக்கு. நீங்க வாங்க முடியாட்டி அந்த வீடு வெளியாள் கைக்குப் போயிடும். நான் வாங்கி வச்சுக்குறேன். நீங்க குடியிருங்க. ரெண்டு மூணு வருஷத்துல ஒங்க பேரை எடுத்து வுட்டதும், ஒங்களுக்கே கொடுத்துடுறேன்."

"வாங்கிவைக்க பணம் ஏது தம்பி?" என்று கேட்டாள் சாந்தா. "எல்லாம் வீடா நிக்குதுன்னீங்களே."

"ஆல்பனி வீட்டு மேலதான் இன்னும் கொஞ்சம் எடுக்கணும் அண்ணி. அதுக்குத்தான் அண்ணன் ஒரு கையெழுத்து..."

தம் வீட்டை இன்னொருவன் வாங்குவதற்குத் தாமே ஈடு நிற்பது என்பது வீரையாவின் வாழ்க்கையிலும் புதுசு.

"வாடகை?" என்றாள் சாந்தா.

"மார்க்கெட்டை விட கம்மியாத்தான் அண்ணி. ஒங்ககிட்ட போயி..."

"எத்தனை வருஷத்துல எங்களுக்குக் குடுப்பீங்க? அன்னைக்கு வெலையிலயா, இன்னைக்கு வெலையிலயா?"

"அண்ணி, அதெல்லாம் இப்பவே எப்படி..." என்று சிரித்தான் திருமாறன். "நம்ம ஆளுங்களுக்குள்ள எழுதியா வைக்கணும்?"

சாந்தா கணவனைப் பார்த்தாள். "அந்த வக்கீல் பொண்ணுக்கு ஒரு ஃபோன் போடுங்க. அது பார்த்துச் சொன்னா நானே வெத்தலை பாக்கு வச்சுத் தரேன்."

வீரையா ஃபோனை எடுத்தார். எதிரே திருமாறனின் முகம் சற்று வாடியது. "அண்ணே, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டான். மிரட்டலாக இல்லை, நிஜமாகவே மனம் நொந்த குரல். வீரையாவின் உலகத்தில் அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு கிடையாது. திருடன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஃபோனை மேசைமேல் கவிழ்த்துவைத்தார்.

"எங்கலா கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

சாந்தா எழுந்துபோய்ச் சீருடையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். ஷிஃப்ட் ஆரம்பிக்க இன்னும் நேரம் இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, வந்த இரண்டு பேருந்துகளைப் போகவிட்டாள்.

மறுவாரம் அஸ்வினி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு ஃபைலை மூடிவைத்தாள். பிறகு, "ஃபீஸ் வேணாம் சார்," என்றாள். வீரையா அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

அரசாங்கத்தின் கணக்கில் அவர் முதல் வீடு வாங்குகிறவர் இல்லை. கிளென் ஈடன், திருமாறனின் கணக்கில் நான்காவது வீடு. சாந்தாவின் சேமிப்பும் உதவித்தொகையும் தொடப்படாமல் அப்படியே இருந்தன. அவை முதல் வீட்டுக்கு மட்டுமே. இரண்டு மூன்று வருஷத்தில் என்று சொல்லியிருக்கிறானே என்று வீரையா காத்திருந்தார். ஆக்லாந்தும் அதுவரை சும்மா இருக்கவில்லை. விலை, அரசு போட்ட வரம்பைத் தாண்டிக் குதித்துப் போய்க்கொண்டே இருந்தது.

அந்த வருஷ ஆவணியிலேயே நல்ல நாள் பார்த்துக் கிளென் ஈடனுக்குக் குடிபோனார்கள். வீரையா வேட்டி கட்டிக்கொண்டார். புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும். சாந்தா பானையைக் கழுவி மஞ்சள் கட்டி அடுப்பருகே கொண்டுபோனபோது, வாசலில் கார் நின்றது. பட்டுப்புடவையில் யுவனேஸ்வரி இறங்கினாள். அவள் கையிலும் ஒரு பானை, இதைவிடப் புதுசு.

"வீட்டுக்காரங்கதான் காய்ச்சணும்னு எங்கம்மா ஃபோன்ல சொன்னாங்கக்கா," என்றாள் தயக்கத்தோடு. "ஒங்களுக்கு ஒன்னும் இல்லையே?"

வீரையா முந்திக்கொண்டார். "அதுக்கென்னம்மா, நீயும் ஒரு தங்கச்சி மாதிரிதான். வா, வா."

சாந்தா தன் பானையை ஓரமாக வைத்தாள். யுவனேஸ்வரி பாலை ஊற்றினாள். எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். பின்னால் ரயில் போயிற்று, ஜன்னல் அதிர்ந்தது. பால் நுரைத்து, விளிம்புக்கு வந்து, கிழக்குப் பக்கம் வழிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வீரையாதான் முதலில் தட்டினார்.

பிறகு கண்ணாடி அடுப்பில் பால் தீய்ந்து கறுப்பாக ஒட்டியது. "ஐயோ, கறை புடிச்சிடுமே," என்றாள் யுவனேஸ்வரி. அடுப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வது வாடகைக்கு இருப்பவர்களின் பொறுப்பு. சாந்தா துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து துடைக்க ஆரம்பித்தாள்.